முதலில் குண்டு உருளட்டும்

கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி, நம் ஊர்க் கம்ப்யூட்டர் பயிற்சி ஆசிரியர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். ஒரு வருஷம் சி, அப்புறம் சி++, அப்புறம் டேட்டா ஸ்ட்ரக்சர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேமில் கை வைக்க வேண்டுமாம். கோடோ, யூனிட்டி மாதிரி கேம் என்ஜின்கள் எல்லாம் அஸ்திவாரம் இல்லாத பொம்மை வீடாம். சாட்சிக்கு ஜான் கார்மாக்கை வேறு இழுத்து வந்திருக்கிறார்: டூம் விளையாட்டை அவர் சி-யில்தானே எழுதினார் என்று.

எழுதினார், 1993-ல். அன்றைய 386, 486 பெட்டிகளில் அந்த வேகத்தைக் கறக்க வேறு வழியில்லை. ஆசிரியர் ஐயா இன்னும் மூன்றே வருஷம் தள்ளிப் பார்த்திருக்கலாம். 1996-ல் குவேக் விளையாட்டு வந்தபோது, கதவு எப்போது திறக்கும், அரக்கன் எப்போது பாய்வான் என்பதையெல்லாம் எழுதுவதற்கென்றே குவேக்-சி என்று ஒரு சின்ன மொழியைச் செய்தவர் இதே கார்மாக்தான். என்ஜின் வேறு, அதன் மேல் ஓடும் ஆட்டம் வேறு என்று பிரித்துக் காட்டியவரையே எதிர்க்கட்சிக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். வக்கீலாகப் போயிருந்தால் கட்சிக்காரன் பாடு திண்டாட்டம்தான்.

அந்த அஸ்திவாரத்தை நானும் பார்த்தவன். நீலத் திரை டர்போ சி++. நட்சத்திரத்தால் பிரமிடு, ஃபிபொனாச்சி, பாலிண்ட்ரோம். ஆறு மாதம் கழித்து ஒரு வட்டம் வரையலாமே என்று 'இனிட்கிராஃப்' அடித்தால் பி.ஜி.ஐ. எரர். "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா உனக்கு?" என்றார் சார். அந்த வட்டத்தோடு என் கேம் ஆசையும் போயிற்று. ஐயா கட்டுரையில் மாதிரிக்குக் கொடுத்த புரோகிராமும் 'வாய்டு மெயின்' என்று தொடங்கி 'கெட்ச்' என்றுதான் முடிகிறது. டர்போ சி++ வந்தது 1990-ல். சி++ மொழிக்கே முதல் ஐ.எஸ்.ஓ. தரம் வந்தது 1998-ல். இன்றைய 64 பிட் விண்டோஸில் டர்போ சி++ தானாக ஓடாது, டாஸ்பாக்ஸை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். முட்டுக் கொடுத்த சுவருக்கு அஸ்திவாரம் என்று பெயர்!

என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் தாத்தா புதுச்சேரியின் பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சாயங்காலமானால் பெத்தாங்க் என்ற குண்டு விளையாட்டு ஆடப் போய்விடுவார். எந்த இரும்புக் குண்டு சின்ன மரக் குண்டுக்குக் கிட்டே என்று பெரிசுகள் டேப் வைத்து அளந்து போடும் சண்டை தெருவுக்கே கேட்கும். பயல் அதையே கேமாகச் செய்ய கோடோவில் உட்கார்ந்தான். முதல் நாள் குண்டு உருண்டது, ஆனால் நிற்கவில்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் வேகத்தில் கொஞ்சம் கழித்துப் பார்த்தான். குண்டு போய், நின்று, அப்படியே திரும்பி அவன் காலடிக்கே உருண்டு வந்தது! கழித்துக்கொண்டே போனதில் வேகம் மைனசுக்குள் இறங்கியிருக்கிறது. 'இஃப்' எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான். அப்புறம் பாயிண்ட் கணக்கு. எதிராளியின் மிகக் கிட்டத்துக் குண்டைவிட நம் குண்டுகள் எத்தனை கிட்டே கிடக்கின்றனவோ அத்தனை பாயிண்ட், 13 எடுத்தால் ஜெயம். தூரங்களை அரேயில் போட்டு, சின்னதைத் தேடி, லூப் ஓட்டி எண்ண வேண்டும். ஐயாவின் கணக்குப்படி இது எட்டாவது மாதப் பாடம். இவனுக்கு இரண்டாவது வாரமே வந்துவிட்டது. தாத்தா தலைமேல் நின்று, "தப்புடா, எனக்கு ரெண்டு பாயிண்ட்" என்று கத்தினால் வராதா?

பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குக் கப்பலேறிய புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணையை முடித்துவிட்டா ஏறினார்கள்?

ஐயா சொன்னதில் ஒரு வரி நியாயம். மெமரி, பாயிண்டர் தெரியாதவன் ஒருநாள் முட்டிக்கொள்வான். முட்டட்டும், அன்றைக்குப் படிப்பான். அன்ரியல் என்ஜினில் வேலை தேடுகிறவனுக்கு சி++ வேண்டும்தான், யார் இல்லை என்றது? ஆனால் 2024-ல் ஊர் உலகத்தையே சீட்டாட வைத்த பலாட்ரோ, ஐயா கட்டுரையில் பெயர்கூட வராத லுவா மொழியில் எழுதியது. டெரி கேவனா 2010-ல் வெளியிட்ட விவிவிவிவிவி என்ற கேம் முதலில் ஃப்ளாஷில் செய்தது. பத்து வருஷம் கழித்து அவர் சோர்ஸ் கோடைத் திறந்து காட்டியபோது, உள்ளே நூற்றுக்கணக்கான 'கேஸ்' கொண்ட ராட்சச 'ஸ்விட்ச்' ஒன்று படுத்திருந்தது. ஐயாவின் பரீட்சையில் அதற்கு முட்டைதான் விழும். வெளியே ஜனங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி ஆடினார்கள்.

மாணவர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள், இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று கடைசியில் அலுத்துக்கொள்கிறார். இரண்டு வருஷம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒரு வட்டத்தைக்கூட நகர்த்திக் காட்டாத இடத்தில் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

பயல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐயாவின் மையத்துக்கே வரத் தயாராக இருக்கிறான். ஒரு ஆட்டம் போடலாம், தாத்தா அம்பயர். மவுஸை இழுத்து விட்டால் குண்டு பாயும். அதற்குத் தேவைப்படும் ஒரே பாயிண்டர் திரையில் தெரிகிற மவுஸ் பாயிண்டர்தான்.