மோட்டாருக்கு எந்தக் கொன்டாக்டர்?

1893இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரி நிற்கும் மருதானையிலேயே, உறையின் மேல் 25 அம்பியர் என்று பொறித்திருப்பதைக் கண்ட மாத்திரத்தில், 15 அம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு இது தாராளமாகப் போதும் என்று கொன்டாக்டரை, அதாவது மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்காந்த ஆளியை, வாங்கிச் செல்லும் வழக்கம் நீடிப்பது எனக்கு மெய்யாகவே மனவருத்தம் தருகின்றது.

அந்த 25 அம்பியர், சூடேற்றி போன்ற சாதுவான சுமைகளுக்குரிய ஏசி-1 வகையின் அளவு; அதே சாதனம், மோட்டாருக்குரிய ஏசி-3 வகையில் 9 அம்பியருக்கே உரியதாயிருப்பது சர்வ சாதாரணம். நிற்கும் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஆறேழு மடங்கை இழுப்பதால், மூடும் முனைகள் சிறிது துள்ளினாலும் தீப்பொறி எழுந்து வெள்ளிக் கலவை உருகிவிடும். வெள்ளவத்தை மாடிவீடொன்றின் நீர்ப்பம்பியிலிருந்து கழற்றிய கொன்டாக்டர் ஒன்றை அண்மையில் கையிலெடுத்துப் பார்த்தேன்: மூன்று சோடி முனைகளில் இரண்டு உருகி ஒட்டியிருந்தன, உறையின் உட்புறம் கரியாய்ப் படிந்திருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் நில்லாத மோட்டாரின் முன் நிற்கும் மனிதனின் கதி என்ன?

400 வோல்ற்றில் 7.5 கிலோவாற்று மோட்டாருக்கு ஏசி-3இல் 18 அம்பியர் உடையதே தகும். முழு வேகம் பெறுமுன்பே அடிக்கடி நிறுத்தப்படும் பாரந்தூக்கிக்கோ அதனினும் கடுமையான ஏசி-4 அளவைப் பார்த்தல் அவசியம். கொன்டாக்டரின் முனைகளை இழுத்து மூடும் சுருளின் வோல்ற்றளவு 230ஆ, 400ஆ என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, வாங்கும் அன்பர்களே, விலையை விசாரிக்கும் முன் "ஏசி-3இல் எத்தனை அம்பியர்?" என்று கேளுங்கள், விடை தெரியாத கடையில் வாங்காதீர்கள்.