மூடக் கூடாத ஓட்டை

"பேத்திக்கு இதயத்துல ஓட்டையாம். வளர வளரத் தானா மூடிரும்னு டாக்டர் சொல்லுதாவ." தென்காசிப் பேருந்துகளில் இப்படிப் பேச்சு காதில் விழும். பொய்யில்லை, கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த ஓட்டைதான் உயிர். மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டும் வலது கீழறையிலிருந்தே கிளம்பும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. அதில் இடது கீழறை ரத்தம் வெளியேற ஓட்டையை விட்டால் வேறு வாசல் கிடையாது.

இதைச் சரிசெய்ய, ஓட்டையிலிருந்து மகாதமனி வாய்வரை இதயத்துக்குள்ளேயே ஒரு சுரங்கம் கட்ட வேண்டும். கட்ட இடம் இருக்கிறதா? இல்லையென்றால், ஒற்றைக் கீழறையை நம்பிக் காலந்தள்ளும்படி ரத்த ஓட்டத்தையே திருப்பிவிட வேண்டியிருக்கும். நெஞ்சைத் திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்நேரம் இதயம் நிறுத்தப்பட்டு, ரத்தம் வடிந்து துவண்டு கிடக்கும். அளவோ அந்தப் பிள்ளையின் மூடிய கையளவுதான்.

முப்பரிமாண அச்சு கைகொடுப்பது இங்கேதான். ரத்தம் நிறைந்து விரிந்த இதயத்தை சிடி ஸ்கேன் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு, வேண்டிய இடத்தில் வெட்டி உள்ளே பார்க்கலாம். நம்ம தென்காசியில் இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எறணாகுளம். அங்கே, கொச்சி அமிர்தா மருத்துவமனை மருத்துவர்கள் ஐந்து பிள்ளைகளுக்கு இப்படி இதய மாதிரிகள் செய்து திட்டமிட்டதை 2017-ல் எழுதினார்கள். அதே ஆண்டு வந்த, 10 மையங்கள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு ஆய்வில், 40 நோயாளிகளில் 19 பேருக்கு அறுவைத் திட்டத்தைத் திருத்த மாதிரி உதவியிருக்கிறது. பொறுக்கியெடுத்த சிக்கலான கேஸ்கள் அவை. எல்லாருக்கும் இது தேவைப்படாது. மாதிரி துடிக்காது, மெல்லிய வால்வு இதழ்கள் அதில் சரியாக விழுவதுமில்லை. ஸ்கேன் படத்தில் சதை எது, ரத்தம் எது என்று பிரித்துக் கோடு போடுகிறவர் தவறினால், தப்பான இதயம்தான் அழகாக அச்சாகி வரும். மெஷினைவிட அவரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் அவர் மேசைக்குப் பிள்ளை போய்ச் சேர வேண்டுமே. 2019-ல் தனி மாவட்டமான தென்காசியில், முதலில் வேண்டியது பிரிண்டர் அல்ல, நேரத்தோடு எடுக்கும் எக்கோ எனும் இதய ஸ்கேன். குற்றாலச் சீசனில் ஐந்தருவிப் பக்கம், நாலு எட்டு நடந்ததும் குத்தவைத்து உட்காரும் பிள்ளையை "நடக்கச் சோம்பல்" என்று தகப்பன் அதட்டினால், என் வாய் சும்மா இருக்காது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைந்த பிள்ளைகள் மூச்சுவாங்கி அப்படித்தான் உட்காரும். உட்கார்ந்தால் அதற்குக் கொஞ்சம் சுகப்படும். "அண்ணாச்சி, உதடும் நகமும் நீலம் பாஞ்சிருக்கே, எக்கோ எடுத்துப் பாத்தியளா?" என்று கேட்டுவிடுவேன். முறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.