கீறல் வண்டிக்கா, கரைக்கா?



இந்த மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட, மெட்ராஸ்ல இருந்து எங்க அக்கா மகன் புது மஹிந்திரா தார் ஜீப்புல வந்தான். திருச்சுழி ரோட்ட விட்டு இறங்கினா கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. மாட்டுவண்டி போற அகலம்தான். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கைய நீட்டிக்கிட்டு நிக்கும்.

"பெயிண்ட் மேல பிலிம் ஒட்டியிருக்கேன் மாமா, லட்ச ரூவாய்க்கு மேல ஆச்சு"ன்னான். ஆனா முள்ளக் கண்டதும் பிலிம் மேலயே நம்பிக்கை போயிருச்சு. பாதைய விட்டுக் கண்மாய்க் கரையில ஏத்திட்டான். முந்தின நாள் தூறல்ல கரை ஈரமா கெடந்தது. வண்டி கீறல் இல்லாம கோயிலுக்கு வந்துருச்சு. கரையிலதான் ஒரு சாண் ஆழத்துக்கு ரெண்டு தடம்.

இதத்தான் நான் தப்புன்னு சொல்றேன். அவன் கெட்டவன் இல்ல. கரைன்னா என்னன்னு அவனுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

நம்ம கரிசல் மண்ணு நனைஞ்சா களி, காஞ்சா வெடிப்பு. டயர் தடம் பதிஞ்ச எடத்துல ஐப்பசி மழைத் தண்ணி ஓடும். ஓட ஓட அது ஓடையாகி கரைய அறுக்கும். கரை உடைஞ்சா அந்த வருச நெல்லு போச்சு, சுத்தியிருக்கிற கெணத்துல ஊத்தும் போச்சு. வானம் பாத்த பூமியில ஒரு கண்மாய்த் தண்ணிக்கு என்ன வெலை போடுவீங்க?

வண்டிக் கீறலுக்கு வைத்தியம் இருக்கு. நகத்த வச்சுத் தடவுங்க. நகம் மாட்டலன்னா மேல்பூச்சோட நின்ன கீறல், பாலிஷ் போட்டா பெரும்பாலும் போயிரும். தகரம் தெரிஞ்சாத்தான் துரு ஏறும். அதுக்கு உடனே டச்சப் பெயிண்ட் வச்சுரணும். நிசமான கேடு வெளியில தெரியாது. சக்கரத்துக்கு மேல அப்புன கரிசக் களி ஈரத்தப் புடிச்சு வச்சுத் துருப்புடிக்க விடும். அடியில சிக்கின காஞ்ச புல்லு சைலன்சர் சூட்டுல பத்திக்கிரும். ஊருக்குத் திரும்புனதும் மொதல்ல அடிய நல்லாத் தண்ணியடிச்சுக் கழுவுங்க.

முன்னாடி இரும்புக் கார்டு மாட்டிக்கிட்டு வர்றவங்களும் உண்டு. அது சட்டத்துக்கு விரோதம்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. மோதுனா எதிர்ல வர்றவனுக்கு ஆபத்து, காத்துப் பை விரியறதுக்கும் எடஞ்சல்.

அப்ப என்னதான் செய்யறது? பாதைய வெட்டணும். அதே 2017ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்த அகத்தச் சொன்னப்ப ஊரெல்லாம் ஜேசிபி ஓடுச்சு. தூரோட எடுக்காத எடமெல்லாம் மறுபடி தழைஞ்சுருச்சு. ஆக, இது வருசா வருசம் செய்யற வேலை. ஆனா செலவு பெருசில்ல. நம்ம பக்கம் கரிமூட்டம் போடுறவங்க இருக்காங்க. வெறகு அவங்களுக்குன்னா வெட்டுக்கூலிய கொறைச்சுக்கிருவாங்க.

நான் பங்காளிககிட்ட சொல்லியிருக்கேன்: தலைக்கட்டு வரி வாங்கும்போது பாதைக்கும் ஒரு பங்கு வாங்குங்க, தை மாசமே ஆள விட்டு வெட்டிரலாம்னு. வெளியூர்ல இருக்கிற நீங்கதான் அதுக்கு மொதல்ல குடுக்கணும். பிலிமுக்குக் குடுத்ததுல நூத்துல ஒரு பங்கு போதும்.

மருமகன் மறுநாள் காலையில மண்வெட்டியோட என்கூட வந்து தடத்த மூடி மிதிச்சுட்டுத்தான் போனான். போகும்போது கண்ணாடிய மடக்கிக்கிட்டு வண்டிப்பாதையிலயே மெதுவாப் போனான். கதவுல நாலு கீறல். "பரவால்ல மாமா"ன்னு போன் பண்ணிச் சொன்னான்.