மாத்திரையோடு ஓர் ஊசி

"சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஊசிதான் போட வேண்டியிருக்கும்." சர்க்கரை நோயாளிகளை டாக்டர்கள் வழக்கமாக மிரட்டும் வசனம் இது. விளைவு, நிஜமாகவே இன்சுலின் தேவைப்படும்போது அது தண்டனையாகத் தெரிகிறது. "அவ்வளவு முற்றிவிட்டதா?" என்று அதிர்கிறார் நோயாளி. பிறகு பேரம்: மூன்று மாதம் பாகற்காய் சாறு குடித்துப் பார்க்கிறேனே? மூன்று மாதம் மூன்று வருடமாகிறது. சிறுநீரகமும் விழித்திரையும் அதுவரை பொறுத்திருப்பதில்லை.

கணையம் களைத்துப்போவது இந்த நோயின் இயல்பு. பிரிட்டனில் 1977ல் தொடங்கி 1998ல் முடிவுகள் வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே மருந்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிந்தது ஏறத்தாழ நான்கில் ஒருவரால்தான்.

ஊசி வந்தால் மாத்திரை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை அது தவறு. இரவு முழுவதும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுகிறது; காலையில் வெறும் வயிற்றிலேயே 200 காட்டுவது அதனால்தான். படுக்கப்போகும்போது போடும் இன்சுலின் இதை அடக்குகிறது. கூடவே மெட்ஃபார்மின் இருந்தால் இன்சுலின் குறைவாகப் போதும், உடல் எடையும் அதிகம் ஏறாது. பயோகிளிட்டசோன் சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்சுலினோடு சேர்ந்தால் கால் வீக்கமும் இதயத்துக்குச் சுமையும் கூடலாம்.

பொதுவாக 10 யூனிட்டில் தொடங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், பலருக்கு வருடக்கணக்கில் அதே 10தான். காலைச் சர்க்கரை இறங்காததைப் பார்த்து, "இன்சுலினும் பலிக்கவில்லை" என்கிறார்கள். அந்தப் 10 தொடக்கம் மட்டுமே. வீட்டிலேயே குளுகோமீட்டரில் பார்த்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை 130க்குக் கீழே வரும் வரை மூன்று நாளுக்கு 2 யூனிட் வீதம் கூட்டுவது ஒரு வழக்கமான முறை. உங்கள் இலக்கு எது, எங்கே நிறுத்துவது என்பதை டாக்டரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவைவிட ஆபத்தானது சிரிஞ்சு. நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்; அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சு மாறி, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக மாறினால் 25! மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராமல் குப்பியையும் மூடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோடு இன்சுலின் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தேவைப்பட்டால் இவற்றின் அளவை டாக்டர் குறைப்பார். வியர்வை, நடுக்கம், படபடப்பு தெரிந்தால் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். ஏகாதசியோ ரமலானோ, விரதம் இருக்கும் எண்ணம் உண்டென்றால் அளவை மாற்றுவதுபற்றிச் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.