சைக்கிளில் வருபவருக்கு என்ன விற்கலாம்?

கேள்வி: ‘‘கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம் இருக்கிறது. தர்பூசணியும் வேர்க்கடலையும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறோம். சனி, ஞாயிறு விடியற்காலையில் சென்னைப் பக்கமிருந்து சைக்கிளில் பலர் போகிறார்கள். வியாபாரி கழித்துவிட்டுப் போகும் காய்களை அவர்களிடம் விற்க முடியுமா? கடன் வாங்கிக் கடை போடலாம் என்கிறான் மகன்.’’
– செய்யூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

விற்கலாம். ஆனால், கடன் வாங்கிக் கடை கட்டுகிற அளவுக்கான வியாபாரம் இது அல்ல. முதலில் இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் எப்படிப் போகிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 95 கிலோமீட்டர். சதுரங்கப்பட்டினம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர், முதலியார்குப்பத்துக் கழிமுகம், கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம் என்று வழிநெடுகப் பார்க்க இடமுண்டு. பழகியவர் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் போவார். இருட்டு பிரியும் முன்பே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பார்ப்பார். தர்பூசணி அறுவடையாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் ஏறியதும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். தெற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று. அதனால் இந்த வியாபாரத்துக்கு நேரம் காலை ஆறு மணி முதல் ஒன்பதரை வரைதான். பத்து மணிக்குக் கடை திறந்தால் பயனில்லை.

காரில் வருபவர் உங்கள் ஊரைக் கவனிக்காமலே கடந்துவிடுவார். சைக்கிளில் வருபவர் நின்றே ஆகவேண்டும். ஒரு மணி நேரம் மிதித்தால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படும். வியர்வையோடு உப்பும் போய்விடும். ஆனால், அவர் எதையும் சுமந்து போக முடியாது. மூன்று கிலோ காயை அவரிடம் நீட்டிப் பயனில்லை. சின்னதாக, கோணலாக இருக்கிறது என்று வியாபாரி கழித்த காய்தான் இங்கே சரியான சரக்கு. கேட்கும்போது கீறிக் கொடுத்தால் இரண்டு பேர் பகிர்ந்து தின்று முடிக்கலாம். நறுக்கி வைத்து ஈ மொய்க்கவிடக் கூடாது. உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம், இளநீர், பருவத்தில் நுங்கு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கடலை உருண்டை என நான்கைந்து பொருள் போதும்.

இதே மாதிரி வழி ஜப்பானில் இருக்கிறது. ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து இமாபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர். நடுவில் ஆறு தீவுகள். 1999-ல் பாலங்கள் எல்லாம் முடிந்து ஒரே பாதையாக இணைந்தன. பாலங்களில் சைக்கிளுக்கென்று தனி வழி விட்டிருக்கிறார்கள். தரைச் சாலையில் வழி தவறாமலிருக்க நீலக்கோடு போட்டிருக்கிறார்கள். தீவுகளில் இருப்பவர்கள் எலுமிச்சை, ஆரஞ்சு பயிரிடும் சிறு விவசாயிகள், பலர் வயதானவர்கள். நாள் முழுக்க ஆள் போட்டுக் கடை நடத்த வசதியில்லை. அதனால் சில இடங்களில் பழத்தைப் பைகளில் கட்டிச் சாலையோரத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியலும் வைத்துவிடுகிறார்கள். எடுப்பவர் காசைப் போட்டுவிட்டுப் போகிறார். ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் கடையிலோ வீட்டிலோ தண்ணீர், கழிப்பறை, காற்றடிக்கும் பம்பு, சைக்கிள் சாய்த்து வைக்க ஒரு கம்பி ஆகியவற்றை வைத்து, ‘சைக்கிள் ஒயாசிஸ்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நிற்க நல்ல இடம் அமைந்தால் விற்பனையும் பின்னால் வரும்.

இங்கேயும் அதையே செய்யலாம். வேப்ப மர நிழலில் ஒரு பெஞ்சு, மண்பானைத் தண்ணீர், மூங்கிலில் ஒரு சாய்ப்புக் கம்பி, ஒரு கைப்பம்பு போதும். வீட்டுக் கழிப்பறையைச் சுத்தமாக வைத்துத் திறந்துவிட்டால் அது பெரிய உதவி. பெண்களும் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். கழிப்பறை இருக்கும் இடத்தைத் தேடித்தான் நிற்பார்கள். சட்டைப் பையில் சில்லறை இருக்காது என்பதால் கியூஆர் அட்டை அவசியம்.

வருமானக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஞாயிறு 20 பேர் நின்று ஆளுக்கு 40 ரூபாய்க்கு வாங்கினால் 800 ரூபாய். நான்கு ஞாயிறுக்கு 3,200 ரூபாய். மழைக்காலத்தில் கூட்டம் குறையும். வயலில் அழுகப்போகும் காய்க்கு இது நல்ல காசுதான். ஆனால், கடனுக்கு வட்டி கட்டி மிச்சம் பிடிக்க இது தாங்காது. மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டி, இருக்கிற மர நிழலில் இரண்டு மாதம் நடத்திப் பார்க்கச் சொல்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். தட்டியைச் சொந்த நிலத்துக்குள் போடவேண்டும். மாமல்லபுரம் – புதுச்சேரி சாலையை நான்கு வழியாக்கும் வேலை நடப்பதால், சாலை எல்லைக்குள் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். விபத்துக்கும் அது வழி. அடுத்து, விளைந்ததை அப்படியே விற்கப் பதிவு வேண்டியதில்லை. அவித்தோ, நறுக்கியோ, உருண்டை பிடித்தோ விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது நல்லது.

சாலை அகலமாகி வண்டிகள் வேகமெடுத்தால் சைக்கிள்காரர்கள் உள்சாலைகளைத் தேடுவார்கள். செய்யூர் – மதுராந்தகம் சாலை, அதற்கும் மேற்கே வேடந்தாங்கல் பக்கம், மரக்காணம் – திண்டிவனம் சாலை ஆகியவற்றில் நிழலும் ஏரிக்கரையும் உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, வேடந்தாங்கல்காரர்கள் இருநூறு ஆண்டுக்கு மேலாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அதைப் பார்க்க வருபவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. கடற்கரையில் நிலம் இல்லாதவர்களும் இந்த வழிகளைக் கவனித்து வைக்கலாம்.

கேள்வி: ‘‘எங்கள் கிராமச் சாலையில் நெல் காயவைப்பது வழக்கம். சென்ற அறுவடையில் சைக்கிளில் வந்த பையன் நெல்லில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. ஊரில் களம் இல்லை. என்ன செய்வது?’’
– திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

சைக்கிள் சக்கரம் மெல்லியது. நெல்மணி மேல் ஏறினால் பிடிமானம் போய்விடும். நெல்லைச் சுற்றி அணைகட்டும் கல்லும் கட்டையும் இருட்டில் தெரியாது. அவற்றால்தான் பெரிய ஆபத்து. பொதுவழியில் இப்படி ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிர் போனால் வழக்கு அதோடு நிற்காது.

நெல்லுக்கும் தார்ச்சாலை நல்லதல்ல. சூட்டில் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மணியில் வெடிப்பு விழுந்து, அரைக்கும்போது குருணை கூடும். வண்டி ஏறினால் மணி உடையும், கல் கலக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு அறுத்த வயலிலோ வீட்டு முற்றத்திலோ தார்ப்பாய் விரித்து, இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறிவிட்டால் போதும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தார்ப்பாய் வாங்கினால் செலவு பிரியும்.

நிரந்தர வழி உலர்களம்தான். ஊராட்சி வழியாகவும் வேளாண் துறை வழியாகவும் அது கட்டித்தரப்படுகிறது. அடுத்த கிராம சபையில் இடத்தின் சர்வே எண்ணோடு கோரிக்கை வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கை முறிந்த பையனின் வீட்டாரையும் அந்தச் சபைக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.