சாரலன்று, புரையேற்றமே அஞ்சத்தக்கது

குற்றாலத்தில் சாரல் வீசும் மாதங்களில், பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால், 'ஈரக் காற்று பட்டுவிட்டது' என்றே குடும்பத்தார் பலரும் கருதுகின்றனர். சன்னல்கள் அடைக்கப்படுகின்றன, காதில் பஞ்சு வைக்கப்படுகிறது, தலையில் கம்பளித் துணி சுற்றப்படுகிறது. அதே வேளையில், 'தொண்டை காயுமே' என்ற பரிவினால், படுத்திருப்பவரின் வாயில் ஒரு மடக்கு வெந்நீரும் ஊற்றப்படுகிறது. அஞ்ச வேண்டியது அந்த ஒரு மடக்கைத்தான். பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் தோன்றும் நிமோனியாவிற்குப் பெரும்பாலும் காரணமாவது, சன்னல் வழியே வரும் காற்றன்று. வாயிலிருந்து வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கும் நீரும் உணவும் உமிழ்நீருமே ஆகும்.

விழுங்குதல் எளிய செயலாகத் தோன்றினும், உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை ஆகியவற்றின் தசைகள் யாவும் ஓரிரு நொடிகளுக்குள் வரிசை தவறாமல் இயங்கினால்தான் அது நிறைவேறும். அந்த நொடியில் மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதம் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. தொடக்க நாட்களில் ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்கு விழுங்குவதில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. நமக்குப் புரையேறினால், 'யாரோ நினைக்கிறார்கள்' என்று உச்சந்தலையில் தட்டுவார்கள். அப்போது எழும் இருமல்தான் நுரையீரலைக் காக்கிறது. பக்கவாத நோயாளிகள் பலரிடம் அந்த இருமலும் எழுவதில்லை. புரையேறும்; ஆனால் ஓசை இராது. 'நன்றாகத்தானே குடித்தார், இருமக்கூட இல்லையே' என்று குடும்பத்தார் நம்பியிருக்க, மூன்றாம் நாளில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன. பக்கவாதம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலையும் சில நாட்களுக்குத் தளர்த்திவிடுவதால், உள்ளே சென்ற கிருமிகள் எளிதில் வேரூன்றுகின்றன. பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. மூளையின் பாதிப்பைத் தாண்டிப் பிழைத்தவர்களையும் அது பறித்துச் செல்வதுண்டு.

ஆகவே எங்கள் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறோம். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை, பக்கவாத நோயாளியின் வாயில் தண்ணீர், காபி, இளநீர், மாத்திரை எதுவும் செல்லக் கூடாது. நம் மாவட்டத்தில் அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், இதனை எழுதப்பட்ட விதியாகக் கொள்ள வேண்டும். அவ்விதி நடைமுறைக்கு வரும்வரை, 'விழுங்கும் சோதனை செய்தாயிற்றா?' என்று கேட்பது உடனிருப்போரின் உரிமை. அக்கேள்வியை எவரும் குறையாகக் கொள்ளலாகாது.

இச்சோதனைக்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, குரல் தெளிவாக உள்ளதா என்று பார்த்தபின், சிறு கரண்டியால் தண்ணீர் கொடுத்துத் தொடங்குவர். இருமலோ, குரலில் ஈரக் கரகரப்போ, மூச்சில் மாற்றமோ தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுவர். தோன்றாவிடில் படிப்படியாக அளவைக் கூட்டிப் பார்ப்பர். பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் இம்முதற்சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்சு மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் முறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாட்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையில் இருந்தோரும் சேர்ந்து 42 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் 58 விழுக்காடு. இந்நன்மை மூன்றும் சேர்ந்து தந்தது. விழுங்கும் சோதனை மட்டுமே தந்ததன்று. ஆயினும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, சோதனை தாமதமாகுந்தோறும் நிமோனியாவின் வாய்ப்பு கூடுவதைக் காட்டிற்று.

'முன்கூட்டியே வலுவான ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டால் நிமோனியா வராதல்லவா?' என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். செலவைப் பாராமல் செய்ய முன்வரும் அன்பை மதிக்கிறோம். ஆனால் அவ்வழி பயன் தரவில்லை. 2015-இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. விழுங்க இயலாத நோயாளிகளுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிரிட்டன் ஆய்வில் நிமோனியா குறையவில்லை. நெதர்லாந்து ஆய்வில் நோயாளிகளின் இறுதி நிலையில் முன்னேற்றம் ஏற்படவில்லை. நிமோனியா வந்துவிட்டால் அம்மருந்து உயிர் காக்கும். வருமுன் காப்பது அதன் வேலையன்று.

சோதனையில் தேறாதவருக்கு மூக்குவழிக் குழாய் வேண்டும் என்றதும் பல குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. குழாய் போட்டால் கதை முடிந்தது என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது. உண்மை வேறு. பெரும்பாலோருக்கு அது சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்கான பாலமே. விழுங்கும் திறன் பலருக்கு இரண்டு வாரங்களுக்குள் திரும்புகிறது. அதுவரை உணவும் மருந்தும் தடையின்றிச் செல்ல வேண்டுமல்லவா? ஒன்றை மட்டும் மறவாதிருங்கள்: குழாய் இருந்தாலும் உமிழ்நீர் புரையேறலாம். குழாய் வழியே உணவு செலுத்தும்போதும், அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் நோயாளி சாய்ந்து அமர்ந்திருக்க வேண்டும். குழாய் சற்றே வெளியே நழுவியதாகத் தோன்றினாலும், செவிலியர் பார்க்கும்முன் எதையும் செலுத்தாதீர்கள்.

வாயின் தூய்மையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வாய் வழியே உண்ணாதவருக்குப் பல் துலக்குவது எதற்கு என்று எண்ணுகின்றனர். உண்ணாத வாயில்தான் கிருமிகள் மிகுதியாகப் பெருகுகின்றன. மென்மையான துலக்கியால் நாளுக்கு இருமுறையேனும் பல்லையும் நாக்கையும் துடைத்து, நுரையையும் நீரையும் வாயில் தங்கவிடாமல் எடுத்துவிடுங்கள். அதனைச் செய்யும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பொய்ப்பல் இருப்பின் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். தாகம் என்று அவர் சைகை காட்டும்போது மறுப்பது எத்துணைக் கடினம் என்பதை அறிவோம். உடலுக்கு வேண்டிய நீர் டிரிப்ஸ் வழியாகவோ குழாய் வழியாகவோ செல்கிறது. பிழிந்த ஈரப் பஞ்சால் உதட்டையும் நாவையும் நனைத்தால் வறட்சி தணியும்.

வாய்வழி உணவு தொடங்கலாம் என்று மருத்துவர் கூறியபின்னும் அவசரம் வேண்டா. தண்ணீர், ரசம், காபி போன்ற நீர்த்தவை வேகமாக ஓடுவதால் எளிதில் புரையேறும். ரசஞ்சோறு போல நீரும் பருக்கையும் கலந்தவையும் கடினமே. தொடக்கத்தில் பெரும்பாலும் குழைய மசித்த உணவே ஏற்றது. எது எவருக்கு என்பதை மருத்துவரே கூறுவார். நிமிர்த்தி அமர்த்தி, தொலைக்காட்சியை நிறுத்தி, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் உள்ளே சென்றதை உறுதி செய்தபின் மறு வாய் கொடுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது. பார்க்க வரும் உறவினர் அன்போடு பழச்சாறு நீட்டினால், மறுக்கும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.

இக்கவனம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை சோடாவோ மாத்திரையோ கொடாமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மருத்துவமனைகளுக்கும் கடமை உண்டு. தென்காசியிலிருந்து நோயாளியைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்பும்போது, ஸ்கேன் படத்தோடு விழுங்கும் சோதனையின் முடிவும் குறிப்பில் எழுதப்பட வேண்டும். அது இல்லையேல் வழியில் எவரேனும் தண்ணீர் கொடுத்துவிடக்கூடும். கட்டிலின் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் தர வேண்டா' என்று தமிழில், பெரிய எழுத்தில் பலகை தொங்க வேண்டும். செவிலியர் ஒருவர் பல நோயாளிகளைக் காக்கிறார். இரவு முழுதும் கட்டிலருகே விழித்திருப்பது மகளோ மருமகளோ தம்பியோதான். அவர்களுக்குச் சொல்லித் தராமல், பின்னர் அவர்களைக் கடிந்துகொள்வது முறையன்று.

பசித்தவருக்கு ஒரு வாய் கொடுப்பதே அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். பக்கவாதத்தின் முதல் நாட்களில் அந்த ஒரு வாயைச் சோதனை முடியும்வரை நிறுத்தி வைப்பதும் அன்பே. அடுத்த வேளை மருத்துவர் வரும்போது, தயங்காமல் அக்கேள்வியைக் கேளுங்கள்.