ஒரு 'ப்' செய்யும் வம்பு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் புரோகிராம் எழுதுவோரைத் தடுமாற வைக்கும் இரட்டையர், ஸ்லைஸும் ஸ்ப்லைஸும். பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலில் ஸ்லைஸுக்கு 2, 5 என்று கொடுத்தால், மூன்றாவது முதல் ஐந்தாவது வரை மூன்று பெயர்களின் நகல் கிடைக்கும். எண்வரிசை பூஜ்யத்தில் தொடங்குகிறது, 5 சேராது. மூலப் பட்டியலுக்குச் சேதமில்லை. அதே எண்களை ஸ்ப்லைஸிடம் கொடுத்தால், மூன்றாவதிலிருந்து ஐந்து பெயர்கள் மூலத்திலிருந்தே வெட்டப்படும். வெட்டியதைச் சேமிக்காவிட்டால் போயே போச்சு.

காரணம் எளிது: ஸ்லைஸுக்கு இரண்டாவது எண் எல்லை, ஸ்ப்லைஸுக்கோ எண்ணிக்கை. கையேடுகள் இதை முதல் வரியிலேயே சொன்னால் பலரது தூக்கம் தப்பும். 2023இல் மொழியின் தர விதிகளில் சேர்ந்த டூஸ்ப்லைஸ்டு, நகலில் மட்டுமே கத்தி வைக்கிறது. மூலம் பிழைத்தது!